கையும் மூளையும்: பழம்பொருட் பேணற் கல்வியின் வரலாறு

மைக்கேல் பரடேயை நம் மாணவர் மின்னியற் பாடநூல்களில் அறிவர். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1805ஆம் ஆண்டு, தமது 14ஆம் வயதில், இலண்டன் நகரப் புத்தக வணிகர் ஒருவரிடம் நூல் கட்டும் தொழிலைப் பயிலச் சேர்ந்து ஏழாண்டுகள் உழைத்தவர் என்பதும் பலர் அறிந்ததே. அதே பரடே, விஞ்ஞானியாகப் புகழ் பெற்ற பின்னர், இலண்டன் கனவான்களின் கழகங்களுள் ஒன்றான அதீனியத்தின் நூலகத்திலே தோற்கட்டுப் புத்தகங்கள் ஏன் உதிர்ந்து பொடியாகின்றன என்று ஆராய்ந்தமை அத்துணை பரவலாக அறியப்படாத செய்தி. வாயு விளக்குகள் எரிகையில் எழும் வெப்பமும் கந்தகம் கலந்த புகையுமே தோலை அரிக்கின்றன என்ற விளக்கத்தை அவர் 1843ஆம் ஆண்டில் முன்வைத்தார். தோலை மடித்தும் ஒட்டியும் தைத்தும் பழகிய கையும், புகையின் இரசாயனத்தை அறிந்த மூளையும் அங்கே ஒரே மனிதரிடம் இணைந்திருந்தன.

அவ்விணைப்பு தற்செயலானது. பரடே வாழ்ந்த சமுதாயம் கையையும் மூளையையும் இரு வேறு வர்க்கத்தாரிடம் பகிர்ந்து கொடுத்திருந்தது. செய்பவனுக்குக் கல்வியில்லை, கற்றவனுக்குச் செய்கையில்லை. உலகெங்கும் வர்க்க சமுதாயங்களிலே காணப்பட்ட நிலைமை இதுவேயாம். பிரிக்கப்பட்ட இவ்விரண்டையும் ஒரு கல்விக்கூடத்தினுள் மீண்டும் ஒன்றுசேர்க்க மேற்கொள்ளப்பட்ட முயற்சியின் கதைதான், இன்று பல நாடுகளிலே பட்டப்பின் கல்வியாகப் பயிலப்படும் பழம்பொருட் பேணற் கல்வியின் வரலாறு. ஓவியம், சிற்பம், உலோகப் படிமம், ஏட்டுச் சுவடி, ஆடை முதலியவற்றை அழிவினின்றும் காத்தலும், சிதைந்தவற்றை நேர்மையோடு செப்பனிடுதலும் இக்கல்வியின் பொருள்கள். இது வெறும் தொழில்நுட்ப வரலாறன்று. கடந்த காலம் யாருடைய உடைமை, அதனைக் காக்கும் அறிவு யாருடைய கையில் இருத்தல் வேண்டும் என்ற வினாக்கள் இதன் ஒவ்வொரு கட்டத்திலும் எழுந்துள்ளன.

பழுதுபார்க்கும் தொழில் மிகப் பழையது. ஐரோப்பாவில் அது நெடுங்காலம் ஓவியக் கூடங்களின் இரகசியமாக இருந்தது. எந்த எண்ணெயை எந்த மெழுகோடு கலப்பது என்பதைக் குரு தம் சீடனுக்கு மட்டுமே சொன்னார். இந்த இரகசியத்தின் விளைவை ஓவியங்களே அனுபவித்தன. முகம் தேய்ந்த இடத்திற் புதுமுகம் வரைந்தவர்களும், விற்பனைக்கு ஏற்ப ஆடையின் நிறத்தை மாற்றியவர்களும் மலிந்திருந்தனர். இந்நிலையில், வெனிசுக் குடியரசு தன் பொது மண்டபங்களிலிருந்த ஓவியங்களைச் செப்பனிடும் பணியை 1778ஆம் ஆண்டு பியேத்ரோ எட்வேட்சு என்பவரின் மேற்பார்வையில் விட்டது. மூல ஓவியத்தினின்றும் எதனையும் நீக்கலாகாது. பழுதுபார்ப்பவர் தம் கைவண்ணத்தைக் காட்டலாகாது. தாம் இட்டது பின்னர் அகற்றக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்றெல்லாம் விதிகள் வகுக்கப்பட்டன. இன்று இத்துறையின் ஒழுக்க நெறிகளாகக் கற்பிக்கப்படுவனவற்றின் வித்து இங்கே கிடக்கிறது. எட்வேட்சு தம் முதுமையில், பழுதுபார்ப்போருக்கென ஒரு பொதுப் பாடசாலை அமைக்கும் திட்டத்தையும் எழுதினார். அது நிறைவேறவில்லை. குடியரசு வீழ்ந்து, வெனிசு அந்நியர் ஆட்சியில் இருந்த காலம் அது. பாடசாலை என்ற எண்ணம் செயலாவதற்கு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

அதற்கிடையே கைத்தொழிற் புரட்சி பழம்பொருட்களுக்குப் புதிய பகைகளை உண்டாக்கியது. இலண்டனின் தேசிய ஓவியசாலையிலே நிலக்கரிப் புகை படிந்து படங்கள் கறுத்தன. 1850ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்த குழுவிற் பரடேயும் இடம் பெற்றார். புகையோடு வேறொரு காரணமும் அக்காலத்தே பேசப்பட்டது. அது ஓவியசாலைக்கு வரும் மக்கள் கூட்டம்! ஏழை எளியவரின் மூச்சும் உடைத் தூசியும் படங்களைக் கெடுக்கின்றன என்றும், ஓவியசாலையை நகர மையத்தினின்றும் தூரத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் வாதிக்கப்பட்டது. 1857ஆம் ஆண்டு இதனை விசாரித்த ஆணைக்குழுவின் முன், படங்கள் பழுதின்றி இருப்பது மட்டுமே நோக்கமன்று, மக்கள் அவற்றைக் கண்டு பயன் பெறுவதே நோக்கம் என்ற எதிர்வாதமும் வைக்கப்பட்டது. ஓவியசாலை நகர மையத்திலேயே நிலைத்தது. பேணல் என்பது பொருளை மக்களிடமிருந்து காப்பதா, மக்களுக்காகக் காப்பதா? இரசாயனத்தால் மட்டும் விடை காணவியலாத இவ்வினா அன்றே எழுந்துவிட்டது.

நூதனசாலைக்கென ஒரு விஞ்ஞான ஆய்வுகூடம் 1888ஆம் ஆண்டு பேர்லினிலே தோன்றியது. பிரெடரிக் றாட்கன் என்ற இரசாயனவியலாளர் அதன் தலைவரானார். 1898ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பேணல் முறை நூல் 1905ஆம் ஆண்டு ஆங்கிலத்திலும் வந்தது. கூடத்து இரகசியம் அச்சேறிப் பொது அறிவாயிற்று என்ற வகையில் இது ஒரு முன்னேற்றமே. ஆயினும் அந்த ஆய்வுகூடம் ஏன் தேவைப்பட்டது என்று நோக்குதல் வேண்டும். எகிப்து முதலிய வறண்ட நாடுகளின் மண்ணிலே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கல்லும் வெண்கலமும் ஐரோப்பியத் தலைநகரங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றினுள் ஊறியிருந்த உப்புக்கள், ஈரம் மாறி மாறி வரும் புதிய காற்றிலே கரைந்தும் படிகமாகியும் மேற்பரப்பைப் பிளந்தன. பிறந்த மண்ணில் அழியாதவை, புகுந்த மாளிகையில் அழியத் தொடங்கின. ஏகாதிபத்தியம் சேர்த்த பொருளைக் காக்க ஏகாதிபத்திய நாட்டு விஞ்ஞானம் முன்வந்தது. நம் நாட்டின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்ததாகச் சொல்லப்படும் பொன்முலாமிட்ட தாரா தேவி படிமம் 1830ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானிய நூதனசாலையில் இருந்து வருவதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். அதனை அந்நூதனசாலைக்கு அளித்தவர் இலங்கையின் தேசாதிபதியாக இருந்த றொபேட் பிரவுன்றிக்.

முதலாம் உலக யுத்தம் அடுத்த கட்டத்தைத் தொடக்கி வைத்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிரித்தானிய நூதனசாலையின் பொருட்களுட் பல நிலத்தடிச் சுரங்கப் பாதைகளில் வைக்கப்பட்டன. யுத்தம் முடிந்து அவற்றை வெளியே எடுத்தபோது இரும்பிலே துருவும், வெண்கலத்திலே பசும்பொடியும், கல்லிலே உப்புப் பூப்பும் படர்ந்திருக்கக் கண்டனர். 1919ஆம் ஆண்டு அலெக்சாந்தர் ஸ்கொட் என்ற இரசாயனவியலாளர் அழைக்கப்பட்டார். அவரது தற்காலிக ஆய்வே பின்னர் நிலையான ஆய்வுகூடமாயிற்று. 1924ஆம் ஆண்டு அங்கே சேர்ந்த ஹரல்ட் பிளெண்டர்லீத், 1956ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் வாயிலாக ஒரு தலைமுறைப் பேணுநருக்கு ஆசிரியரானார்.

ஆனால் ஆய்வுகூடம் இருப்பது மட்டுமே போதுமா? 1937, 1938ஆம் ஆண்டுகளில் அதே நூதனசாலையிலே நிகழ்ந்ததைப் பார்ப்போம். அதென்ஸ் நகரின் பார்த்தெனன் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்ட சலவைக்கற் சிற்பங்களுக்குப் புதிய மண்டபம் கட்டப் பணம் கொடுத்தவர் டுவீன் பிரபு என்ற பெரும் ஓவிய வணிகர். சிற்பங்கள் வெண்ணிறமாய் ஒளிர வேண்டும் என்பது அவரது விருப்பம். அதற்கேற்பத் தொழிலாளர் செப்பு உளிகளாலும் அராவும் பொருட்களாலும் கல்லின் பழைய மேற்படையைச் சுரண்டினர். தேன்நிறப் படையும், பழைய சிற்பியின் கைத்தடங்களிற் சிலவும் மீளாவகையில் அழிந்தன. விஞ்ஞானிகள் அக்கட்டடத்திலேயே இருந்தனர். எனினும் பணம் படைத்தவரின் இரசனை விஞ்ஞானத்தை முந்திக்கொண்டது. உளியைப் பிடித்த தொழிலாளிக்கு அக்கல்லின் வரலாற்றை எவரும் கற்பித்திருக்கவில்லை. கையும் மூளையும் பிரிந்து நிற்கையில் ஒரே கூரையின் கீழும் பேரிழப்பு நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தகைய பிரிவை நீக்கும் கல்வி முயற்சிகள் ஏறக்குறைய அதே காலத்தில் பல இடங்களில் முளைவிட்டன. 1928ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொக் நூதனசாலையில் ஒரு தொழில்நுட்ப ஆய்வுப் பிரிவு நிறுவப்பட்டது. ஓவிய வரலாறு கற்ற ஜோர்ஜ் ஸ்ரவுட்டும், இரசாயனம் கற்ற றதபேட் கெற்றென்சும் அங்கே அருகருகே பணியாற்றினர். 1930ஆம் ஆண்டு உரோமாபுரியிலே, சர்வதேச சங்கத்தின் நூதனசாலை அலுவலகம், கலைப்பொருட்களை விஞ்ஞான முறையில் ஆராய்வது பற்றி ஒரு மகாநாட்டைக் கூட்டியது. அதே 1930ஆம் ஆண்டில் சென்னை அரசாங்க நூதனசாலையில் ஓர் இரசாயன ஆய்வுகூடம் அமைந்தது. குடியேற்ற நாடொன்றிலே, எஸ். பரமசிவன் என்ற தமிழர், பாசம் பிடித்த வெண்கலப் படிமங்களை மின்பகுப்பு முறையாற் சுத்தஞ்செய்யும் ஆய்வை நடத்தினார். 1931ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியப் படையின் கீழ் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்களை எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சோழர் கால ஓவியர் சுண்ணாம்புச் சுதை ஈரமாயிருக்கையிலேயே வண்ணம் தீட்டினர் என்ற முடிவைப் பரமசிவன் ஆய்வுகூடச் சோதனைகளின் வழி வெளியிட்டார். பெயர் தெரியாத ஓவியன் ஒருவனின் கைமுறையை ஒரு விஞ்ஞானி வாசித்தறிந்த நிகழ்ச்சி இது.

பாடசாலை என்ற எண்ணமும் இக்காலத்தே உருப்பெற்றது. 1937ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இலண்டன் தொல்பொருளியற் கல்லூரியில், அயோன் கெடி என்ற பெண்மணி, உடைந்த மட்பாண்டங்களை ஒட்டிச் செப்பனிடும் ஒரு சிறு பிரிவிலிருந்து தொடங்கி, காலப்போக்கில் அதனை முறையான கல்விநெறியாக வளர்த்தெடுத்தார். இத்தாலியில் 1939ஆம் ஆண்டு மத்திய செப்பனிடற் கல்லூரி நிறுவப்பட, செசாரே பிராந்தி அதன் முதல் இயக்குநரானார். பாசிச ஆட்சியின் கீழ்ப் பிறந்த அந்நிறுவனத்தின் முதற் பெருஞ் சோதனை, அந்த ஆட்சி தேடிக்கொண்ட யுத்தத்தின் அழிவாகவே அமைந்தது. 1944ஆம் ஆண்டு குண்டுவீச்சினால் வித்தேர்போ நகரத் தேவாலயமொன்றின் சுவரோவியங்கள் ஆயிரக்கணக்கான துண்டுகளாய்ச் சிதறின. அத்துண்டுகளைப் பொறுக்கி, வகைப்படுத்தி, புகைப்படத்தோடு ஒப்பிட்டு ஆசிரியரும் மாணவரும் பொருத்தினர்.

துண்டு கிடைக்காத வெற்றிடங்களை என்ன செய்வது? புதிதாக வரைந்து நிரப்பினால் அது பொய். வெறுமையாக விட்டால் ஓவியத்தின் ஒருமை கெடும். மெல்லிய நிலைக்குத்துக் கோடுகளால் வெற்றிடத்தை நிரப்பும் முறை இதற்கு விடையாக உருவாயிற்று. தூரத்தே நின்று நோக்குபவனுக்கு அக்கோடுகள் ஓவியத்தோடு கலந்து தோன்றும். அருகே வருபவனுக்கு இது பின்னர் நிரப்பப்பட்டது எனத் தெளிவாகத் தெரியும். மக்களை ஏமாற்றாமல் மக்களுக்குக் காட்டுவது என்ற நெறி இம்முறையிலே செயல்வடிவம் பெற்றது. பிராந்தி தம் கோட்பாட்டை 1963ஆம் ஆண்டு நூலாக்கினார். இன்றும் உலகெங்கும் இத்துறை மாணவர் அதனைப் பயில்கின்றனர்.

போலந்து மக்களின் அனுபவம் வேறு வகையானது. 1944ஆம் ஆண்டு எழுச்சியின் பின் நாசிகள் வார்சோ நகரைத் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கினர். ஒரு மக்களின் நினைவை அழிப்பதே அவர்களது நோக்கம். கட்டடக்கலை ஆசிரியரும் மாணவரும் வரைந்து மறைத்துக் காத்த அளவை வரைபடங்களையும், 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும் துணையாகக் கொண்டு பழைய நகரம் மீண்டும் கட்டப்பட்டது. 1980ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1945ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தோருன் பல்கலைக்கழகம் ஆரம்ப காலந்தொட்டே பேணற் கல்விக்கு இடமளித்தது. லெனின்கிராட்டிலும் அதே 1945ஆம் ஆண்டு, சிதைந்த மாளிகைகளைச் செப்பனிடுவோரைப் பயிற்றுவிக்கும் பொருட்டுப் பழைய கைவினைக் கல்லூரியொன்று மீளத் திறக்கப்பட்டது. உணவும் உறைவிடமும் அரிதாயிருந்த நாட்களிலே இதனைச் செய்தனர் என்பது கருதத்தக்கது.

பட்டப்பின் கல்வி என்ற நிலையை இத்துறை 1960ஆம் ஆண்டில் எட்டியது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கல்லூரியிலே தொடங்கப்பட்ட பேணல் மையம் அமெரிக்காவில் இவ்வகையின் முதலாவதாகும். ஆனால் உலகின் கண்களைத் திறந்தது புளோரன்ஸ் வெள்ளம். 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ ஆறு கரைபுரண்டு நகருட் புகுந்தது. சேறும், வீடுகளைச் சூடாக்க வைத்திருந்த எண்ணெயும் கலந்த வெள்ளத்தில் தேசிய நூலகத்தின் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்களும் பத்திரிகைகளும் மூழ்கின. சாந்தா குரோசே தேவாலயத்திலிருந்த, சீமாபூவே வரைந்த சிலுவை ஓவியம் தன் வண்ணத்திற் பெரும் பகுதியை இழந்தது. பல நாடுகளிலிருந்தும் வந்த மாணவரும் இளைஞரும் வரிசையாய் நின்று, சேற்றிலிருந்து புத்தகங்களைக் கைமாற்றிக் கரையேற்றினர். புகையிலை உலர்த்தும் சூளைகளிலே அவை உலர்த்தப்பட்டன.

அந்த இளைஞரின் உள்ளம் பெரிது. ஆனால் உள்ளம் மட்டும் போதவில்லை. இத்தனை நூல்களைச் செப்பனிடும் பயிற்சி பெற்றோர் உலகிலேயே சிலர்தாம் இருந்தனர். பிரித்தானியாவிலிருந்து வந்த றோஜர் பவல், பீற்றர் வோட்டர்ஸ் முதலிய நூல்கட்டுக் கலைஞர் ஒரு வேலைமுறையை அமைத்தனர். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை. அதன் நிலை, செய்ய வேண்டியது, செய்தது அனைத்தும் அதிற் பதிவாயின. அவர்களுடன் பணியாற்றிய கிறிஸ்தோபர் கிளாக்சன் ஒன்றைக் கவனித்தார். பிற்காலத்து ஆடம்பரக் கட்டுக்களிற் பல வெள்ளத்திலே சிதைந்திருக்க, 16ஆம் நூற்றாண்டின் எளிய தளர்தோற் கட்டுக்கள் பெரிதும் உறுதியாய் நின்றன. பசையை நம்பாது தையலையும் வாரையும் நம்பிய கட்டுமுறை அது. பெயர் பதியாத பழைய தொழிலாளி ஒருவன், நானூறு ஆண்டுகளின் பின் வந்த அறிஞருக்கு ஆசிரியனானான். உழைக்கும் மக்களின் கையிலே உறைந்திருக்கும் அறிவு எத்தகையது என்பதற்கு இது தக்க சான்று.

இன்று இத்துறையிற் பட்டப்பின் கல்வி பயிலும் மாணவர் கற்பது யாது? வெண்கலத்தை எடுத்துக்கொள்வோம். மண்ணிலே புதைந்திருந்த காலத்தில் உலோகத்தினுள் குளோரைட்டு உப்புக்கள் புகுந்திருக்கும். ஈரக் காற்றுப் பட்டதும் அவை செம்போடு வினைபுரிந்து வெளிர்பச்சைப் பொடியாக வெளிப்படும். நிறுத்தாவிடின் படிமம் முழுவதும் பொடியாகும். இதனைப் பேணுநர் வெண்கல நோய் என்பர். அதேவேளை, உறுதியாகப் படிந்த பச்சைப் படை நோயன்று. அது பொருளின் வரலாறு. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு இரசாயனமும் வேண்டும். பழகிய கண்ணும் வேண்டும். படிமங்களை அடியோடு சுத்தஞ்செய்த மின்பகுப்பு முறையை இன்று மிக அருகியே கையாள்வதற்குக் காரணம் இதுவே.

தன் அறிவின் எல்லையை உணர்வதும் இக்கல்வியின் ஒரு பகுதி. கரையும் நைலோன் என்ற பொருள் ஒரு காலத்தில், உதிரும் மேற்பரப்புக்களை இறுக்கப் பெரிதும் விரும்பிப் பயன்படுத்தப்பட்டது. எப்போது வேண்டுமாயினும் கரைத்து நீக்கலாம் என நம்பினர். ஆண்டுகள் செல்ல அது கரையாப் பொருளாக மாறிப் பழம்பொருட்களைப் பற்றிக்கொண்டது. பூச்சிகளைக் கொல்ல நூதனசாலைகளிலே தூவப்பட்ட ஆசனிக்கும் டீ.டீ.ரீ.யும் பின்னர் அப்பொருட்களைக் கையாண்ட ஊழியரின் உடல்நலத்துக்கே தீங்காயின. ஆதலால், இயன்றவரை குறைவாகத் தலையிடு, செய்ததையெல்லாம் எழுதிவை, உனக்குப் பின் வருபவன் உன் வேலையை நீக்க வழிவிடு என்று மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது.

இக்கல்வியின் சமுதாய நிலையை ஆடைப் பேணலின் கதை நன்கு காட்டுகிறது. தையல், பின்னல், சலவை யாவும் பெண்களின் வேலை எனக் கருதப்பட்டமையால், பழைய ஆடைகளைச் செப்பனிடும் பெண்களின் திறமையும் நெடுங்காலம் அறிவாக மதிக்கப்படவில்லை. கரன் பிஞ்ச் என்ற பெண்மணி 1975ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹம்டன் கோட் மாளிகையில் ஆடைப் பேணல் மையமொன்றை நிறுவி அதனைப் பட்டப்பின் கல்வியாக உயர்த்தினார். பின்னர் வின்செஸ்டர் நகருக்கு மாறிப் பல்கலைக்கழகமொன்றோடு இணைந்த அம்மையம், 2009ஆம் ஆண்டு நிதிக் காரணத்தால் மூடப்பட்டது. சிறிய வகுப்பு, நுண்ணிய ஆய்வுகூடம், மாணவர் ஒவ்வொருவருக்கும் நேரடிப் பயிற்சி என்பன இலாபக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பின் பின் 2010ஆம் ஆண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அது புத்துயிர் பெற்றது. கல்வியைச் சந்தைச் சரக்காகக் கணக்கிடும் காலத்தில், மெதுவாகவும் பொறுமையாகவும் மட்டுமே கற்கக்கூடிய ஓர் அறிவு எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1956ஆம் ஆண்டு புதுடில்லியிற் கூடிய யுனெஸ்கோ மகாநாட்டின் தீர்மானப்படி உருவான சர்வதேசப் பேணல் மையம், 1959ஆம் ஆண்டு உரோமாபுரியில் இயங்கத் தொடங்கியது. பிளெண்டர்லீத் அதன் முதல் இயக்குநர். 1967 ஒக்டோபரில் கயவர் சிலர் சிகிரியா ஓவியங்கள் மீது பச்சைப் பூச்சை வாரி இறைத்தபோது, அம்மையத்தின் வழி இத்தாலிய நிபுணர் லூசியானோ மறன்சி இலங்கை வந்து அவற்றைச் செப்பனிட்டார். தொல்பொருள் திணைக்களத்தின் இரசாயனவியலாளராக இருந்து ஆணையாளராக உயர்ந்த ராஜா டி சில்வாவும் உள்ளூர் ஊழியரும் உடனிருந்து பணியாற்றினர். உலகத் தொழிலாளரின் கூட்டுறவுக்கு இதனை ஒரு நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆயினும் 5ஆம் நூற்றாண்டிலே அவ்வோவியங்களைத் தீட்டிய மண், 20ஆம் நூற்றாண்டிலே அவற்றைக் காக்க அந்நிய நிபுணரை எதிர்நோக்க நேர்ந்ததன் காரணத்தையும் எண்ணுதல் தகும். ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு கண்டிய நாட்டுக் கைவினைஞரின் முறைகளைப் பதிவு செய்தபோதே அத்தொழில்கள் நலிந்துகொண்டிருந்தன. குடியேற்ற ஆட்சி கைவினைஞரை வறியராக்கியது. நம் சாதியமைப்போ அவர்களைத் தாழ்ந்தவராக்கியது. கைவினையின் அறிவு கல்விக்கூடத்தின் வாயிலை எட்டவேயில்லை.

நிலைமை சற்று மாறியுள்ளது. 1986ஆம் ஆண்டு களனிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தொல்பொருளியற் பட்டப்பின் கல்வி நிறுவனம் உருவாயிற்று. சேனக பண்டாரநாயக்க அதன் முதல் இயக்குநர். இந்தியாவிலே 1976ஆம் ஆண்டு இலக்னோவில் தேசிய பேணல் ஆய்வுகூடமும், 1989ஆம் ஆண்டு புதுடில்லியில் பேணற் கல்விக்கு முதுகலைப் பட்டம் வழங்கும் நிறுவனமும் தோன்றின. தஞ்சையிலே நாயக்கர் கால ஓவியங்களைத் தனியே பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் நிலைநிறுத்தி, கீழிருந்த சோழர் ஓவியங்களையும் காணச் செய்தனர் இந்தியப் பேணுநர். இரு காலத்தையும் இழவாது காத்த அருஞ்செயல் இது.

நம் தமிழ்ச் சுவடிகளின் கதை இதைவிட நெஞ்சை உறுத்துவது. பனையோலைக்குச் செயற்கைக் காப்பைவிட மேலான காப்பு ஒன்றிருந்தது. ஓலை நைந்து போகுமுன் அடுத்த தலைமுறை அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதியது. எழுதுவோர் குறைந்த 19ஆம் நூற்றாண்டிலே ஏடுகள் பூச்சிக்கும் புழுதிக்கும் இரையாயின. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881ஆம் ஆண்டு வீரசோழியத்தையும், 1887ஆம் ஆண்டு கலித்தொகையையும் அச்சேற்றியது இவ்வழிவை எதிர்த்தே. ஒரு நூற்றாண்டு செல்லுமுன், 1981 மே 31ஆம் நாள் இரவு தொடக்கம், யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. பின்னர் கட்டடம் மீண்டும் எழுந்தது. ஆனால் சாம்பலைச் செப்பனிடும் கல்வி எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. பிரதியெடுக்கப்படாத சுவடி எரிந்தால் எரிந்ததே. பேணற் கல்வியின் பெரும்பகுதி, அழிவு நேர்ந்த பின் செய்வதன்று. நேருமுன் பட்டியலிடுவதும், படமெடுப்பதும், பல இடங்களிற் பிரதி வைப்பதுமேயாம்.

பசித்திருக்கும் நாட்டிற்குப் பழம்பொருள் எதற்கு என்று நம் தோழருட் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் வார்சோவின் எதிரிகள் உணவுக் களஞ்சியத்தோடு நூலகத்தையும் எரித்தது ஏன்? தன் வரலாற்றுக்குச் சான்றில்லாத மக்களை எளிதில் அடிமை கொள்ளலாம் என அவர்கள் அறிந்திருந்தனர். அன்றியும், நூதனசாலைப் பொருட்களுள் மன்னர் பெயர் தாங்கியவையும் மன்னர் செய்தவையல்ல. வார்த்தவன், செதுக்கியவன், நெய்தவள், எழுதியவன் ஆகியோரின் கைத்தடம் எஞ்சியிருக்கும் ஒரே ஏடு அப்பொருளே. அரசவைப் புலவர் பாடாத உழைப்பாளியின் வரலாறு அதன் உளித்தடத்திலும் தையலிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் பாதுகாப்பது உழைக்கும் மக்களின் சொந்த வரலாற்றைப் பாதுகாப்பதாகும்.

ஆகவே நாம் கோர வேண்டியவை சில உள. பேணற் கல்வி தலைநகரில் ஆங்கிலம் கற்ற சிலரின் உடைமையாய் ஒடுங்காது, தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கப்படல் வேண்டும். பட்டதாரிகளோடு, தலைமுறை தலைமுறையாகப் படிமம் வார்க்கும் கைவினைஞரின் பிள்ளைகளும் அங்கே இடம் பெறுதல் வேண்டும். பட்டச் சான்றிதழ் ஒரு புதிய சாதிப் பூணூலாகிவிடின், கையையும் மூளையையும் இணைக்கப் பிறந்த கல்வியே அவற்றை மீண்டும் பிரித்ததாகிவிடும். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் வீடுகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தோட்டங்களிலும் எஞ்சியிருக்கும் ஏடுகளையும் பத்திரங்களையும் பட்டியலிட ஒவ்வொரு பாடசாலையும் முன்வரல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. உலர்ந்த இடம், சுத்தமான துணி, ஓர் அட்டவணை, ஓர் ஆசிரியர், சில மாணவர் போதும். புளோரன்ஸ் நகரில் வரிசையாய் நின்ற மாணவர் வெள்ளம் வந்த பின்னரே அழைக்கப்பட்டனர். நம் மாணவர் அதற்கு முன்னரே தொடங்கலாம்.